கிளினிக்கில் பூர்வகுடி நோயாளிகள்: உங்கள் அனுபவம் என்ன?

பழைய மிஸி, தாப்பா:
நான் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலையில் இருந்தபோது மலைப்பக்கக் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) செமாய் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பாட்டி மாதாமாதம் வருவார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), கால் பெருவிரலில் ஆறாத புண். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கும்போதெல்லாம் 10-க்கு மேல். மரவள்ளி குறைக்கணும், மைலோ கூடாது, பிஸ்கட் கூடாது என்று நானும் ஒப்பிப்பேன். அவரும் "யா, மிஸி" என்பார். "சொன்னால் கேட்காத ஜனம்" என்று நானே முணுமுணுத்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் பேத்தி கூட வந்தாள். அவள்தான் 'புனான்' பற்றிச் சொன்னாள். ஒருவர் ஆசைப்பட்டது கிடைக்காமல் ஏங்கினால் அவருக்கு விபத்தோ காயமோ வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆசைப்பட்டாலும் தொடாதே என்று நான் மாதாமாதம் சொன்னது பாட்டிக்குச் சாபம் மாதிரி கேட்டிருக்கும்! எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் யார் வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாலும், "ஏங்கிப்போயிடும்" என்று அம்மா ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்.

அப்புறம் 'கூடாது' என்பதையே விட்டேன். "கிழங்கு சாப்பிடும் வேளையில் சோற்றைப் பாதியாக்க முடியுமா, இல்லை வேறு எது முடியும்?" என்று கேட்டேன். பாட்டி உடனே "யா" சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, மைலோவில் டின் பால் ஊற்றாமல் குடித்துப் பார்க்கிறேன் என்றார். அடுத்த எச்பிஏ1சி 9-க்குக் கீழே வந்தது. பெரிய சாதனை இல்லைதான். புண் மூட மேலும் நாலு மாதம் பிடித்தது.

லாரிக்காரன்:
எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கும் கம்பத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது. '2 முதல் 8 டிகிரியில் வைக்கவும்' என்று தாளில் எழுதி இன்சுலினைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கெட்டுப்போயிருக்கும் என்று பயந்து அவர் தூக்கிப் போட்டுவிட்டார். பயன்படுத்தத் தொடங்கிய பிறகு பெரும்பாலான வகை, 30 டிகிரிக்குக் கீழே இருந்தால், நாலு வாரம் தாங்கும். அதை வாயால் சொல்ல அரை நிமிடம் போதும். இப்போது திறக்காததை நம்ம மளிகைக் கடை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார், கையில் இருப்பதை ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில். கடைக்கார அண்ணன் டப்பாமேல் பேர் எழுதி, ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழ்த்தட்டில் வைக்கிறார். உறைந்தால் அதுவும் வீண்.

செம்பனைக்காட்டுப் பெண்:
மிஸி அக்கா, எங்கள் ஊர் கிளினிக் கவுன்டரில் போன மாதம்கூட ஒரு பூர்வகுடி அம்மாவை 'சக்காய்' என்று ஒருவர் கூப்பிட்டதைக் கேட்டேன். அது இழிசொல் என்று தெரியாத வயதில்லை அவருக்கு. அந்த அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காமலே போய்விட்டார். நானும் வரிசையில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவருடைய அடுத்த அப்பாயின்ட்மென்ட் 17-ஆம் தேதி என்று அட்டையில் பார்த்தேன். அன்றைக்கு நானும் போகிறேன்.