குழாயில் உறைந்த இரத்தம்: சித்தப்பாவுடன் இருந்த ஓர் இரவு

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. சித்தப்பாவுக்கு இளவயதில் வந்த காசநோய் குணமானாலும், நுரையீரலில் ஒரு பொந்தை விட்டுச் சென்றிருந்தது. சென்ற ஆண்டு அதிலிருந்து இரத்தம் கொட்டவே, நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைத்தார்கள். இரண்டாம் நாள் இரவு இயந்திரம் ஓயாமல் ஒலித்தது. குழாய் நுனியில் உறைந்த கட்டி, காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் அடைப்பதாக மருத்துவர் சொன்னார்.

மாரடைப்புக்குப் போடும் ‘கட்டி கரைக்கும் ஊசி’யை இதற்கும் போடலாகாதா என்று கேட்டேன். கேள்வி தவறன்று என்றார். 1933இல் டில்லெட்டும் கார்னரும் கண்டறிந்த, அவ்வகை ஊசிமருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் தொடக்கத்தில் பயன்பட்டதே, நெஞ்சறைக்குள் தேங்கி உறைந்த இரத்தத்தைக் கரைக்கத்தானாம். அது நம் இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைத் தூண்டி, கட்டியைப் பிணைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. ஆனால் குழாயை அடைத்த கட்டி எது, பொந்தின் காயத்தை மூடிக் காக்கும் கட்டி எது என்று பிரித்தறியாது. குழாய்வழியே சிறிதளவு செலுத்திப் பலன் கண்டவர்கள் உண்டென்றாலும், உறிஞ்சியோ கருவியாலோ எடுக்க முடியாதபோதுதான் அதை நினைக்க வேண்டும் என்றார்.

‘இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின்?’ என்றார் சித்தி. எனக்கே விடை தெரிந்துவிட்டது. அம்மோனியா சேர்த்தால் ரப்பர் பால் உறையாது. சிரட்டையில் உறைந்துவிட்ட ஒட்டுப்பாலின்மேல் அதை ஊற்றி என்ன பயன்?

உப்புநீர் விட்டு உறிஞ்சிப் பார்த்தும் அசையவில்லை. இறுதியில் குழாயையே உருவி எடுத்து வேறு குழாய் வைத்தார்கள். குழாயின் வடிவத்திலேயே கரிய கட்டி உடன் வந்தது. நுரையீரலின் கிளைக்குழாயில் மிஞ்சியதை பிராங்கோஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவி வழியாக எடுத்தார்கள். இதையெல்லாம் முன்பே ஒருவர் எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.

தக்கலையிலிருந்து ஒரு செவிலியர்: ஐயா, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இரத்தம் கக்கும் பெரியவர்களுக்கு, இயன்றவரை எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமுள்ள குழாயை வைக்கச் சொல்வார்கள். அப்போதுதான் பிராங்கோஸ்கோப் தாராளமாக நுழையும், கட்டியையும் உறிஞ்ச முடியும். சித்தப்பாவுக்கு எந்த அளவு வைத்தார்கள்?

முதலில் எழுதியவர்: சிகிச்சைக் குறிப்பைத் தேடிப் பார்த்தேன், அம்மா. முதலில் வைத்தது ஏழு. மாற்றியபோது எட்டரை.