ஐஸ்லாந்து 4 ராத்திரி, அப்பா அம்மாவோட, புரட்டாசியில: தீவை முழுசா சுத்த முடியுமா?

நெல்லைக்காரி | ஏப்ரல் 11

வணக்கம் மக்களே. நானும் வீட்டுக்காரரும் லெஸ்டர்ல இருக்கோம். வர்ற செப்டம்பர்ல தென்காசியிலிருந்து அப்பா அம்மா ரெண்டு மாசத்துக்கு வர்றாங்க. லண்டன், எடின்பரோ எல்லாம் போன தடவையே பார்த்தாச்சு. இந்தத் தடவை ஐஸ்லாந்து போவோம்னு ஆரம்பிச்சது நான்தான். இப்போ என் கையை விட்டுப் போயிடுச்சு.

செப்டம்பர் மூணாவது வாரம், வியாழன் மத்தியானம் இறங்கி திங்கள் சாயங்காலம் விமானம் ஏறணும். நாலே ராத்திரி. வீட்டுக்காரர் எக்செல் போட்டுட்டார். ஒண்ணாம் நம்பர் ரோட்டைப் பிடிச்சு தீவை முழுசா ஒரு சுத்து, 1,300 கிலோமீட்டர் சொச்சம். "நான் திருநெல்வேலி டு சென்னை ஒரே மூச்சுல ஓட்டினவன், இது என்ன"ங்கிறார். பஃபின் பறவை, திமிங்கிலம், பனிக்குகைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கலர் வேற அடிச்சிருக்கார்.

அம்மாவுக்கு 64 வயசு, முட்டி வலி. ஏறிடுவாங்க, இறங்கத்தான் முடியாது. புரட்டாசி பிறந்துடும்ங்கிறதால முட்டைகூடத் தொட மாட்டாங்க. அப்பாவுக்கு ஒரே ஆசை, வானத்துல வருமே அந்தப் பச்சை வெளிச்சம். மத்ததெல்லாம் சொன்னா, "குற்றாலத்துச் சாரல்ல வளந்தவனுக்கு நீ என்னம்மா அருவி காட்டப்போற"ன்னு போன்லயே சிரிக்கிறார்.

போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க. சுத்து முடியுமா? எங்க தங்கலாம்? அம்மாவுக்குச் சாப்பாடு?

வைகை மணல் | ஏப்ரல் 11

தங்கச்சி, முதல்ல அந்த எக்செல்லை மூடச் சொல்லுங்க. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

நான் ரெண்டு தடவை போயிருக்கேன். 2022 அக்டோபர்ல ஒண்ணு, 2024 ஜூன்ல ஒண்ணு. முதல் தடவை நானும் இதே கணக்குத்தான் போட்டேன். தார் ரோட்டுல 90, மண் ரோட்டுல 80 வரைக்கும் போகலாம். அப்போ 350 கிலோமீட்டர் நாலு மணி நேரம்னு காகிதத்துல வரும். அங்க போனா கால் மணிக்கு ஒரு தடவை பின் சீட்டுலேர்ந்து "நிறுத்து, நிறுத்து"ன்னு குரல் வரும். ஒத்தைப் பாலம் வரும், எதிர்ல வர்ற வண்டி தாண்டுற வரைக்கும் நிக்கணும். செம்மறி ரோட்டு நடுவுல படுத்துக்கிட்டு நம்மளைப் பார்க்கும். இதெல்லாம்கூடச் சமாளிச்சுடலாம். சமாளிக்க முடியாதது காத்து.

குளிர் அங்க பெரிய விஷயமே இல்லை. செப்டம்பர் பகல்ல எட்டு பத்து டிகிரி இருக்கும், கொடைக்கானல் மார்கழி மாதிரி. காத்துதான் உயிரை வாங்கும். வானிலை அறிக்கையில காத்தை நொடிக்கு இத்தனை மீட்டர்னு போடுவாங்க. நான் 20ன்னு பார்த்துட்டு, அட இருபதுதானேன்னு கிளம்பிட்டேன். கணக்குப் போட்டா அது மணிக்கு 72 கிலோமீட்டர்! வீக் ஊர்ப் பக்கம் டிர்ஹோலேய்னு ஒரு கடல் மேடு இருக்கு. அங்க வண்டியை நிறுத்தினதும் பையன் கதவைத் திறந்தான். திறந்தான்னு எங்க சொல்றது, காத்து அவன் கையிலேர்ந்து பிடுங்கிடுச்சு. கீல் மடங்கிப்போச்சு. நான் எடுத்திருந்த காப்பீட்டுல கல் தெறிச்சா உண்டு, மணலும் சாம்பலும் அடிச்சா உண்டு, காத்துல கதவு போனா கிடையாதாம். வாடகைக்காரங்க நீட்டின பில்லைப் பார்த்துட்டு வீட்டம்மா ரெண்டு நாள் எங்கிட்டப் பேசலை. அதனால வண்டியைக் காத்துக்கு முகம் கொடுத்து நிறுத்துங்க. ஒரு நேரத்துல ஒரு கதவுதான், ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திறக்கணும். அப்பாகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க. நம்ம பெரியவங்க வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே கதவைத் திறக்கிற ஆளுங்க.

சரி, திட்டம். தெற்குக் கரையை மட்டும் பிடிங்க. ஒரு கோடு மாதிரிப் போய் அதே வழியில திரும்பி வர்றது. போகும்போது மழையில போன இடத்தை வரும்போது வெயில்ல பார்த்துக்கலாம். முழுச் சுத்துல அது நடக்காது, மறுநாள் 350 கிலோமீட்டர் தள்ளி ரூம் போட்டு வச்சிருப்பீங்க. புயல் எச்சரிக்கை வந்தா அந்த ரூம் காசும் போச்சு.

வியாழன் இறங்கினதும் தலைநகர் ரெய்க்யவிக்ல தங்காதீங்க. நேரா கிழக்கே ஹெல்லா பக்கம் போயிடுங்க, ஏர்போர்ட்லேர்ந்து ரெண்டு மணி நேரம். ஊர் விளக்கு கம்மி, வானம் கன்னங்கரேல்னு இருக்கும், அப்பாவுக்கு முதல் ராத்திரியே ஒரு வாய்ப்பு.

வெள்ளிக்கிழமை அருவி நாள். செல்யலாந்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் ரெண்டும் 60 மீட்டர் உயரம். (ஃபோஸ்னா அருவி, யோக்குல்னா பனியாறு. இந்த ரெண்டு சொல் தெரிஞ்சா பாதி வரைபடம் புரிஞ்சுடும்.) முதல் அருவிக்குப் பின்னாடி போய்ச் சுத்தி வரலாம், ஆனா பாதை வழுக்குப் பாறை, அம்மா முன்னாடி நின்னு பார்க்கட்டும். ஸ்கோகாவுல ஓரமா ஐந்நூறுக்கு மேல படி இருக்கு, அதை அம்மாகிட்ட சொல்லவே வேண்டாம். கீழ கருங்கல் மணல்ல நேரா அருவி அடி வரைக்கும் சமதளம்தான், அங்கேர்ந்து பார்க்கிறதுதான் அழகும்கூட.

அப்புறம் ரெய்னிஸ்ஃபியாரா, கறுப்பு மணல் கடற்கரை. இங்க மட்டும் நான் கொஞ்சம் கறாராச் சொல்றேன். திருச்செந்தூர்ல கால் நனைக்கிற பழக்கத்துல யாரும் தண்ணிகிட்டப் போகக்கூடாது. அஞ்சாறு அலை சாதுவா வந்துட்டு, அடுத்தது திடீர்னு இருபது முப்பது மீட்டர் மேல ஏறி வந்து ஆளை இழுத்துக்கிட்டுப் போயிடும். உயிர்ப்பலி நடந்த இடம். முகப்புல எச்சரிக்கை விளக்கு வச்சிருக்காங்க, சிவப்பு எரிஞ்சா மணல்ல இறங்காதீங்க. அலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்கிறது எந்த விளக்கு எரிஞ்சாலும் வேண்டாம்.

அன்னிக்கும் மறுநாளும் தங்க கிர்க்யுபையர்க்லாய்ஸ்துர். பயப்படாதீங்க, உள்ளூர்க்காரங்களே க்லாய்ஸ்துர்னு சுருக்கித்தான் சொல்றாங்க. அந்த ஊருக்கு வர்ற வழியெல்லாம் பச்சைப் பாசி மெத்தை மாதிரி ஒரு சமவெளி. அது 1783ல லாக்கி எரிமலைப் பிளவு கக்கின குழம்பு. அந்த வெடிப்பும் பின்னாடி வந்த பஞ்சமுமா சேர்ந்து நாட்டு சனத்துல அஞ்சுல ஒரு பங்கைக் கொண்டுபோயிடுச்சு. அதுமேல இருநூறு வருஷத்துக்கும் மேல வளர்ந்த பாசி. போட்டோவுக்காக அதை மிதிக்காதீங்க, மிதிச்ச தடம் பல வருஷத்துக்கு மறையாது.

சனிக்கிழமை யோக்குல்சார்லோன், பனிப்பாறை மிதக்கிற ஏரி. க்லாய்ஸ்துர்லேர்ந்து ஒண்ணரை மணி நேரம். கார் நிறுத்தத்துலேர்ந்து அம்பது அடியில ஏரி, முட்டிக்கு வேலையே இல்லை. படகும் அக்டோபர் வரைக்கும் ஓடும். போற வழியில ஸ்காஃப்டாஃபெல் பக்கம் ரோட்டோரம் ரெண்டு இரும்பு உத்திரம் முறுக்கின முறுக்கு மாதிரிக் கிடக்கும். பார்த்தா காயலான் கடைச் சரக்குன்னு தாண்டிடுவீங்க, நிறுத்துங்க. 1996ல பனிக்குக் கீழ எரிமலை வெடிச்சு, உருகின தண்ணி மொத்தமா உடைச்சுக்கிட்டு வந்து அடிச்ச பாலத்தோட மிச்சம் அது. எனக்கு அருவியை விட அதுதான் மனசுல நிக்குது.

ஞாயிறு நீளமான நாள், காலையில சீக்கிரம் கிளம்பணும். குல்ஃபோஸ், கெய்சிர் பார்த்துட்டு ராத்திரி ரெய்க்யவிக். கெய்சிர்ல பெரிய ஊத்து தூங்குது, பக்கத்துல இருக்கிற ஸ்ட்ரோக்குர்தான் பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பீச்சி அடிக்கும். நேரம் மிஞ்சினா திங்வெல்லிர். 930லேயே கூடின நாட்டுச் சபை அங்கதான். திங்கள் ஊருக்குள்ள சுத்திட்டு ஏர்போர்ட்.

கடைசியா மாப்பிள்ளைக்கு ஒண்ணு. வலது பக்கம் ஓட்டணும்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு தடம் உள்ள ரவுண்டானாவுல உள் தடத்துக்காரன் வெளியேறும்போது வெளித் தடத்துக்காரன்தான் வழி விடணும். நான் அடிவாங்கத் தெரிஞ்சேன்.

எக்செல் ஆசாமி | ஏப்ரல் 12

அந்த மாப்பிள்ளை நான்தான். வணக்கம் அண்ணாச்சி. காகிதத்துல எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. சரி, சுத்து வேண்டாம். பஃபினாவது? பனிக்குகை?

வைகை மணல் | ஏப்ரல் 12

பஃபின் ஆகஸ்ட்லயே கடலுக்குப் போயிடும். நீங்க போகும்போது கடைகள்ல பொம்மைதான் இருக்கும். நீலப் பனிக்குகை நவம்பருக்கு அப்புறம். கலரை அழிச்சிடுங்க மாப்பிள்ளை.

கரிசல் கீரை | ஏப்ரல் 12

நான் சுத்த சைவம், போன வருஷம் ஆறு நாள் இருந்துட்டு உயிரோட வந்திருக்கேன். அக்கா, சமையலறை உள்ள வீடா எடுங்க, பாதிக் கவலை தீர்ந்துச்சு. போனுஸ்னு ஒரு கடை, மஞ்சள் போர்டுல ஒரு பன்னி படம் போட்டிருக்கும், அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. அரிசி, காய், எல்லாம் அங்கதான் விலை குறைவு. ஸ்கீர்னு ஒண்ணு விப்பாங்க, துணியில கட்டித் தொங்கவிட்ட தயிர் மாதிரி கெட்டியா இருக்கும். "ஹ்ரெய்ந்த்"னு போட்டிருந்தா சர்க்கரை இல்லாதது. கொஞ்சம் பால் விட்டு அடிச்சு, கடுகு தாளிச்சா அருமையான தயிர்சாதம். சில வகையில உறையோட கன்னுக்குட்டி வயித்து நொதியும் சேர்ப்பாங்க, பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்க.

ஞாயித்துக்கிழமை வழியில ஃப்ரித்ஹெய்மர்னு ஒரு தக்காளிப் பண்ணை. கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள, பூமிச் சூட்டுத் தண்ணியில வளக்குறாங்க. செடிகளுக்கு நடுவுலயே மேசை போட்டு தக்காளி சூப்பும் ரொட்டியும் தருவாங்க. நம்ம ரசத்துக்குத் தங்கச்சின்னு வச்சுக்கோங்க, மிளகு மட்டும் காணாது. முன்பதிவு இல்லாம போகாதீங்க.

குழாயில வெந்நீர் திறந்தா அழுகின முட்டை நாத்தம் வரும், அது கந்தகம், உடம்புக்கு ஒண்ணுமில்லை. குடிக்கப் பச்சைத் தண்ணியே பிரமாதம், பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதீங்க. வெந்நீர்க் குளம் போறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. உள்ள இறங்குறதுக்கு முன்னாடி பொதுக் குளியலறையில துணி இல்லாம சோப்பு போட்டுக் குளிச்சே ஆகணும், ஆம்பளை பொம்பளை தனித்தனிதான், ஆனா மறைப்பு எல்லா இடத்துலயும் இருக்காது. எங்க மாமியார் வாசலோட திரும்பிட்டாங்க.

குடை வேண்டவே வேண்டாம், ஒரு நிமிஷத்துல கம்பி மட்டும் மிஞ்சும். மங்கி குல்லா கொண்டு வரச் சொல்லுங்க. சிரிக்காதீங்க, காத்துக்கு அதை மிஞ்சினது எதுவும் இல்லை.

ரெண்டாம் மாடி | ஏப்ரல் 13

எல்லாரும் சாப்பாடு பேசுறீங்க, விசா யாரும் பேசலையே. ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவுல சேர்ந்திருக்கிற ஐரோப்பிய நாடுகள்ல ஒண்ணு. இங்கிலாந்து விசா அங்க செல்லாது. நீங்க ரெண்டு பேரும் இந்திய பாஸ்போர்ட்னா இங்கயே விண்ணப்பிக்கலாம், ஏன்னா இங்க குடியிருக்கீங்க. அப்பா அம்மா சுத்திப்பார்க்கிற விசாவுல வர்றவங்க. அவங்க குடியிருக்கிற ஊர் இந்தியாதான், அங்கேயே எடுத்துட்டுக் கிளம்புறதுதான் முறை. இங்க வந்து பார்த்துக்கலாம்னு நானும் நினைச்சு, எங்க அத்தையை மூணு நாள் தனியா வீட்டுல விட்டுட்டு பாரிஸ் போன பாவி நான். ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், வழக்கமா 15 நாள், இழுத்தா 45. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. இப்பவே ஆரம்பிங்க.

நெல்லைக்காரி | ஏப்ரல் 13

ஐயோ, விசா விஷயம் தெரியவே தெரியாது. ரெண்டாம் மாடிக்கு ஒரு கும்பிடு. தம்பிகிட்ட சொல்லியாச்சு, நாளைக்கே அப்பாவைக் கூட்டிட்டுப் போறான். வைகை அண்ணே, அரோரா, அதான் அப்பா கேக்குற பச்சை வெளிச்சம், வருமா வராதான்னு எதுல பார்க்கிறது?

வைகை மணல் | ஏப்ரல் 13

அவங்க வானிலை மையத்துத் தளத்துலயே மேகப் படம் இருக்கும்மா. ஒரே ஒரு குழப்பம்: அதுல பச்சையா இருக்கிறது மேகம், வெள்ளையா இருக்கிறதுதான் தெளிஞ்ச வானம். நான் பச்சையைப் பார்த்து அதுதான் அரோரான்னு நினைச்சு ராத்திரி 40 கிலோமீட்டர் மேகத்தைத் தேடி ஓட்டியிருக்கேன்.

நெல்லைக்காரி | செப்டம்பர் 27

திரும்பி வந்தாச்சு. ஹெல்லாவுல ராத்திரி பூரா மழை. வெள்ளிக்கிழமை டிர்ஹோலேய்ல அப்பா வழக்கம்போல கதவுக்குக் கையை நீட்டினார், பின்னாடியிருந்து அம்மா போட்ட சத்தத்துல கையை எடுத்துட்டார். கதவு தப்பிச்சுது.

ரெய்னிஸ்ஃபியாராவுல சிவப்பு விளக்கு. மேல நின்னே பார்த்துட்டு வந்துட்டோம். ஸ்கோகாவுல சாரல் மூஞ்சில அடிச்சதும் அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னார். அப்புறம், "தண்ணி என்னவோ தண்ணிதான். எண்ணெய் தேய்ச்சுவிட ஒருத்தனைக் காணோமே"ன்னார். அம்மாவுக்கு ஸ்கீர் தயிர்சாதம் பிடிச்சுப்போய் ரெண்டு டப்பா லெஸ்டருக்கே வந்திருக்கு.

க்லாய்ஸ்துர்ல ரெண்டாவது ராத்திரி பதினொண்ணரைக்கு மேகப் படம் வெள்ளை ஆச்சு. அப்பா வேட்டிக்கு மேல கம்பளிக் கோட்டு, மங்கி குல்லாவோட வாசல்ல வந்து நின்னார். வடக்குப் பக்கம் சாம்பல் புகை மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். போன்ல எடுத்தா பச்சை, கண்ணால பார்த்தா சாம்பல். "என்னம்மா, போன்காரன் சாயம் பூசுறானா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். கால் மணி கழிச்சு அந்தக் கோடு ரெண்டா பிரிஞ்சு ஆட ஆரம்பிச்சுது, இந்தத் தடவை கண்ணுக்கே பச்சை. வீட்டுக்காரர் வீடியோ எடுக்கிறேன்னு போனைத் தூக்கினார். அப்பா அவர் கையைப் பிடிச்சு இறக்கிட்டார்.