அம்மாவுக்கு பித்தக்குழாய் கல்லு ஈஆர்சிபில எடுத்தாச்சு, மிச்சம் ஏதும் நின்னுருக்குமா? உதவி பண்ணுங்க

வைகைக்கரை:
அம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. கண்ணு மஞ்சளாகி ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல போச்சுன்னு ஸ்கேன் எடுத்தா பித்தப்பைல கல்லு, பித்தக்குழாய்லயும் கல்லு, குழாய் 14 எம்எம் விரிஞ்சிருக்குன்னு வந்துச்சு. ஈஆர்சிபி (வாய் வழியா கேமரா குழாய விட்டு பித்தக்குழாய் கல்ல எடுக்கறது) பண்ணாங்க, ஒரு கல்லு பெருசா இருந்ததால உள்ளயே நொறுக்கி எடுத்தோம்னு சொன்னாங்க, பித்தம் அடைக்காம வழிய பிளாஸ்டிக் ஸ்டென்ட்டும் (சின்ன குழாய்) வெச்சிருக்காங்க. டிஸ்சார்ஜ் சம்மரில "டக்ட் க்ளியர்"னு (குழாய் சுத்தம்னு) ஒரே வரி. இப்ப பிலிரூபின் (மஞ்சள் அளவு) 6ல இருந்து 2.1க்கு இறங்கிருச்சு ஆனா ஏஎல்பி (பித்த அடைப்புல ஏறற லிவர் டெஸ்ட்) இன்னும் கூடுதலாத்தான் இருக்கு. சித்தப்பாவுக்கு இதே மாதிரி எடுத்த பிறகு திரும்ப அடைச்சு குளிர்ஜுரம் வந்து ஐசியூ வரைக்கும் போனாரு, அந்த பயம்தான். மிச்சம் இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? பித்தப்பை ஆபரேஷன மெதுவா பண்ணிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க, சரியா?

எண்டோரூம் டெக்னீஷியன்:
தம்பி, நான் டாக்டர் இல்ல, ஈஆர்சிபி ரூம்ல டாக்டர் பக்கத்துல நிக்கற ஆளு. முதல்ல, பிலிரூபின் உடனே நார்மலுக்கு வராது, அதுல ஒரு பகுதி ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அது போக வாரக்கணக்குல ஆகும். ஏஎல்பியும் மெதுவாத்தான் இறங்கும். இறங்கிட்டு இருக்கா இல்ல ஏறுதான்னு பாருங்க, ஒரே ரிப்போர்ட்ட வெச்சு பயப்படாதீங்க.

"க்ளியர்"ங்கறத எப்படி பாத்து சொன்னாங்கன்னு கேளுங்க, அதுலதான் விஷயமே இருக்கு. எல்லாம் எடுத்தபிறகு குழாய்க்குள்ள பலூன ஊதி வழிய அடைச்சுட்டு கான்ட்ராஸ்ட் மருந்து விட்டு எக்ஸ்ரேல ஒரு கடைசி படம் எடுப்பாங்க, மருந்து கீழ வழியாம குழாய் முழுக்க ரொம்பும். அதுலயும் ஏமாறலாம், மருந்து கெட்டியா இருந்தா விரிஞ்ச குழாய்க்குள்ள சின்ன கல்லு முங்கிப்போகும், காத்துக்குமிழி கல்லு மாதிரியே தெரியும். கல்ல நொறுக்கின கேஸ்லதான் மிச்சம் நிக்க சான்ஸ் ஜாஸ்தி, பொடி அங்கங்க ஒட்டிக்கும், அதனால சலைன் நல்லா அடிச்சு கழுவிட்டு பலூன திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்கறது வழக்கம். டவுட் இருந்தா எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் (வாய் வழியா உள்ள விட்டு எடுக்கற ஸ்கேன்) வெச்சு பாப்பாங்க, 5 எம்எம்முக்கு கீழ உள்ள கல்ல எம்ஆர்சிபி (பித்தக்குழாய்க்கான எம்ஆர்ஐ ஸ்கேன்) தவற விடலாம், எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் பிடிச்சிரும். குழாய்க்குள்ளயே கேமரா விட்டு பாக்கறதும் உண்டு, எல்லா ஊர்லயும் கிடையாது, செலவும் ஜாஸ்தி.

தென்காசி மல்லிகா:
அதெல்லாம் எதுக்குப்பா, கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுங்க, ஆலிவ் ஆயிலும் எலுமிச்சையும் கலந்து ராத்திரி குடிச்சா காலைல பச்சை பச்சையா கல்லு வெளிய வரும், எங்க பக்கத்து வீட்ல கண்ணால பாத்தேன்.

கொங்குநாட்டான்:
மல்லிகாக்கா கோவிச்சுக்காதீங்க, அந்த பச்சை உருண்டை கல்லே இல்ல, குடிச்ச எண்ணெய் வயித்துக்குள்ள சோப்பு மாதிரி திரண்டு வர்றது. கீழாநெல்லி அடைப்ப எடுக்காது. வாழைத்தண்டு ஜூஸும் வேணாம், கிட்னி கல்லுக்கு குடிக்கறாங்கன்னு இதுக்கும் குடிக்கறாங்க, ரெண்டும் வேற வேற கல்லு.

வைகைக்கரை, பித்தப்பை ஆபரேஷன தள்ளிப்போடறதுதான் எனக்கு பிடிக்கல. பித்தப்பைல கல்லு இருக்கறவரைக்கும் குழாய சுத்தம் பண்ணாலும் மேலருந்து புதுசா இறங்கிட்டே இருக்கலாம், அப்புறம் "மிச்சம் வெச்சுட்டாங்க"ன்னு டாக்டர திட்டுவோம். ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தோட 2019 வழிகாட்டுதல் ஈஆர்சிபி ஆகி 2 வாரத்துக்குள்ள பித்தப்பைய லேப்ராஸ்கோபில (சின்ன ஓட்டை போட்டு பண்ற ஆபரேஷன்) எடுக்கச் சொல்லுது. எங்கப்பாவுக்கும் சுகர்தான், கன்ட்ரோல் பண்ணிட்டு பண்ணாங்க, மறுநாளே நடந்தாரு.

வைகைக்கரை:
டாக்டர்கிட்ட சம்மரி எடுத்துட்டுப் போய் கேட்டேன். கடைசி படம் எடுத்தாங்களாம், கல்லு எதுவும் தெரியல, ஆனா நொறுக்கினதால பொடி இருக்கலாம்னுதான் ஸ்டென்ட்டே வெச்சாங்களாம், எடுக்கறப்ப இன்னொரு தடவ பலூன் இழுத்து பாப்பாங்களாம். பித்தப்பைக்கு அடுத்த வாரம் தேதி குடுத்துட்டாங்க. அர்சோ மாத்திரை (கல்ல கரைக்க குடுக்கற மருந்து) போட்டா மிச்சம் கரைஞ்சிருமான்னும் கேட்டேன், கொலஸ்ட்ரால் கல்லுதான் அதுல கரையும், அதுவும் மாசக்கணக்குல, குழாய்ல நிக்கறதுக்கு அத நம்பக்கூடாதுன்னுட்டாரு.

எண்டோரூம் டெக்னீஷியன்:
நல்லது தம்பி. ஸ்டென்ட்ட மட்டும் மறந்துராதீங்க, பிளாஸ்டிக் ஸ்டென்ட்ட 3லருந்து 6 மாசத்துக்குள்ள எடுக்கணும் இல்ல மாத்தணும். வலி போயிருச்சுன்னு வராம விட்டுட்டு, ஸ்டென்ட் அடைச்சு அதச் சுத்தி கல்லு கட்டின நிலைமைல வர்றவங்கள நிறைய பாக்கறோம். நடுவுல நடுக்கத்தோட ஜுரம், வலது பக்கம் மேல் வயித்து வலி, திரும்ப மஞ்சள் இதுல எது வந்தாலும் மாத்திரை போட்டுட்டு காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சி, சுகர்காரங்களுக்கு சீக்கிரம் முத்திரும்.

வைகைக்கரை:
சரிங்கண்ணா. அம்மா ஆஸ்பிரின் போடறாங்க, ஸ்டென்ட் எடுக்கறப்ப நிறுத்தணுமா?

எண்டோரூம் டெக்னீஷியன்:
ஆஸ்பிரின பெரும்பாலும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க, க்ளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாம இருக்க குடுக்கற இன்னொரு மருந்து) சேந்த மாத்திரையான்னு அட்டைய பாருங்க, சேந்திருந்தா இதய டாக்டர், எண்டோ டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் முன்னாடியே சொல்லிருங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.