0.005 சதவீதமா, 40 கோடி டாலரா? ஆப்பிள் வரிப் பஞ்சாயத்து

வில்லியனூர் ஆடிட்டர்:
நேற்று இந்தப் புதுச்சேரி-கடலூர் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "2014இல் ஆப்பிள் தன் ஐரோப்பிய லாபத்துக்குக் கட்டிய வரி 0.005 சதவீதம். பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ" என்று ஒரு பதிவு. அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. அதே 2014இல் அயர்லாந்துக்கு மட்டும் 40 கோடி டாலர் கட்டியதாக அன்றைய ஆப்பிள் சி.இ.ஓ. டிம் குக் வெளிப்படையாகச் சொன்னார். 40 கோடி டாலர் கட்டியவன் எப்படி 0.005 கட்டியவன் ஆவான்? கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் கேட்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
அந்த 'ஒருவர்' நான்தான் சார். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? 0.005 நான் கனவில் கண்ட எண் இல்லை. 2016 ஆகஸ்ட் 30 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அறிவித்த எண். 2003இல் 1 சதவீதமாக இருந்தது 2014இல் 0.005க்கு இறங்கியது, அது அயர்லாந்து காட்டிய சட்டவிரோத வரிச் சலுகை என்று சொல்லி, 1300 கோடி யூரோவை அயர்லாந்து வட்டியோடு வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மாட்டிக்கொண்டவன் வாய்ச்சொல் உங்களுக்கு வேதவாக்கு, விசாரித்தவன் எழுதியது பொய். நல்ல ஆடிட்டர்!

வில்லியனூர் ஆடிட்டர்:
விசாரித்தவர் சொன்னால் அது தீர்ப்பா? 2020 ஜூலையில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது. சலுகை காட்டப்பட்டதை ஆணையம் நிரூபிக்கவில்லை என்றது. அதை வசதியாக விழுங்கிவிட்டீர்கள். தானே புயல் விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள், பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது.

மஞ்சக்குப்பத்தான்:
தானேவை ஏன் இழுக்கிறீர்கள்? 2011இல் பலாவும் முந்திரியும் வேரோடு போனது கடலூர் மாவட்டத்தில். "எங்களுக்குத்தான் அதிகச் சேதம்" என்று அன்றைக்கும் வம்புக்கு வந்தது நீங்கள்தான். போகட்டும். 2020 வரை நடந்து வந்தவருக்கு 2024 செப்டம்பர் 10 வரை வரக் கால் வலிக்கிறதோ? அன்றைக்குப் பொது நீதிமன்றத்துக்கு மேலே இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் அந்த 2020 தீர்ப்பைத் தள்ளிவிட்டு, ஆணையம் சொன்னதே சரி என்று முடித்துவிட்டது. அதற்கு மேல் அப்பீல் இல்லை. 0.005. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகன்:
ஒரு சந்தேகம். 0.005 என்பது எதற்கு எதிரான சதவீதம்? அயர்லாந்தில் பதிவான ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல் என்ற ஒரு நிறுவனத்தின் லாபத்துக்கா, மொத்த ஆப்பிளுக்கா? அதை முதலில் தெளிவுபடுத்தினால் 40 கோடி எங்கே பொருந்துகிறது என்று தெரிந்துவிடுமே.

வில்லியனூர் ஆடிட்டர்:
40 கோடி டாலர் எப்படி 0.005 ஆகும்? இதற்குப் பதில் வரவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
0.005 சதவீதம் என்று ஆணையம் சொன்னதா இல்லையா? இதற்குப் பதில் வரவில்லை.

பாகூர் ஏரிக்கரை:
அந்த ஆப்பிள் சேல்ஸ் நிறுவனத்துக்குத் 'தலைமை அலுவலகம்' என்று ஒன்று காட்டி, லாபத்தில் பெரும்பகுதியை அதன் பெயரில் ஒதுக்கினார்கள். அதற்கு ஊழியரும் இல்லை, கட்டடமும் இல்லை, வெறும் காகிதம் என்றது ஆணையம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம்ம பி.ஒய். நம்பர் (புதுச்சேரி வண்டிப் பதிவு) கதைதானே! 2017இல் கேரளத்தில் வழக்கு போட்டார்களே, புதுச்சேரியில் வீடு இருப்பதாக முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்தார்கள் என்று. கார் ஓடுவது கொச்சியில், வரி கட்டுவது நம்ம ஊரில்.

வில்லியனூர் ஆடிட்டர்:
உள்ளூர்க்காரராக இருந்துகொண்டு ஊர் மானத்தை நீங்களே வாங்குகிறீர்கள். பொய் முகவரி கொடுத்தது வெளியூர்க்காரன். குறைந்த வரி வைப்பது புதுச்சேரியின் உரிமை, 12.5 சதவீதம் வைத்தது அயர்லாந்தின் உரிமை. வாரக் கடைசியில் நம்ம எல்லையில், முள்ளோடையில் வரிசை கட்டி நிற்கும் கடலூர் வண்டிகளைப் பற்றி மஞ்சக்குப்பத்தான் ஒரு வார்த்தை பேசட்டும். பெட்ரோல் போட மட்டும்தான் வருகிறார்களாம்!

மஞ்சக்குப்பத்தான்:
வந்துவிட்டதா பழைய பல்லவி. முள்ளோடையில் வாங்குபவன் அங்கே கேட்ட விலையை முழுசாகக் கொடுத்துத்தான் வாங்குகிறான். ஆப்பிள் அயர்லாந்துக்காரன் வைத்த 12.5ஐயே கொடுக்கவில்லை. 0.005! இதில் இன்னொரு கூத்து, அந்த 1300 கோடி எங்களுக்கு வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்காடியது. வர வேண்டிய பணத்தை வேண்டாம் என்று வக்கீல் வைத்த அரசாங்கத்தை வேறெங்கே பார்த்தீர்கள்?

முத்தியால்பேட்டை:
எங்க பிரெஞ்சுக்காரனிடம் பாடம் கற்றுக்கொள்ளுங்கள். 2016இல் பாரிஸ் கூகுள் அலுவலகத்தில் ரெய்டு. 2019இல் அபராதமும் வரிபாக்கியுமாக 96 கோடி யூரோவுக்கு மேல் கறந்துவிட்டான். பிரிட்டன் அதே கூகுளின் பத்து வருடக் கணக்கை 13 கோடி பவுண்டுக்கு முடித்துக்கொண்டு ஊர் சிரித்தது.

கெடிலக்கரை:
'எங்க' பிரெஞ்சுக்காரனா? 1954லேயே புதுச்சேரியிலிருந்து மூட்டை கட்டிவிட்டான் தம்பி. நம்ம ஊர் வரி விசாரணை என்ன செய்தது என்று ஸ்ரீபெரும்புதூரில் கேளுங்கள். 2013 ஜனவரியில் அங்கிருந்த நோக்கியா போன் ஆலையில் வருமான வரிச் சோதனை. மென்பொருளுக்காகப் பின்லாந்துக்கு அனுப்பிய பணத்தில் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டிய வரி) பிடிக்கவில்லை என்று சுமார் 2000 கோடி ரூபாய் கேட்டார்கள், சொத்தை முடக்கினார்கள். போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்தார்கள். விசாரணை, விசாரணை என்று குதிப்பவர்கள் அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

மஞ்சக்குப்பத்தான்:
நோக்கியா போன் விற்காமல் விழுந்ததற்கு வருமான வரித் துறை காரணமா? 2018இல் அதே நோக்கியா 20 கோடி யூரோ கட்டிச் சமரசமாகப் போனது. பாக்கியே இல்லாதவன் எதற்குக் கட்டினான்? அப்புறம், 2023இல் அமெரிக்க வரித் துறை மைக்ரோசாஃப்டிடம் 2890 கோடி டாலர் பாக்கி என்று நோட்டீஸ் விட்டதே, அதுவும் கடலூர்க்காரன் சதியா?

கெடிலக்கரை:
வேலை போனவர்களைப் பற்றிக் கேட்டேன். பாக்கிக் கணக்கைப் பற்றி இல்லை.

வில்லியனூர் ஆடிட்டர்:
பேச்சை மாற்றுகிறார், கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொள்ளவில்லை, மேல்முறையீடு போவதாகச் சொன்னது. நோட்டீஸ் என்பது நோட்டீஸ்தான். என் கேள்வி 40 கோடி டாலர்.

மஞ்சக்குப்பத்தான்:
நோட்டீஸ் வெறும் நோட்டீஸ் என்று உங்கள் வாடிக்கையாளர்களிடமும் இப்படித்தான் சொல்கிறீர்களா? பாவம் அவர்கள். ஆணையத்தின் அறிக்கை இணையத்தில் கிடக்கிறது, ஆங்கிலத்தில். படித்துவிட்டு வாருங்கள்.

முத்தியால்பேட்டை:
1954 என்று கிண்டல் செய்தவர் கவனத்துக்கு: 1954இல் கைமாறியது நிர்வாகம்தான், ஒப்பந்தம் உறுதியானது 1962இல். வரலாறு தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

கெடிலக்கரை:
1962ஆகவே இருக்கட்டும். அதற்கப்புறமும் அவன் 'எங்க' ஆள் எப்படி?

பாகூர் ஏரிக்கரை:
ஆடிட்டர் சார், ஊர் மானம் என்றீர்களே, உங்கள் தெருவில் நிற்கும் பி.ஒய். வண்டிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேயே குடியிருப்பவர்கள்தானா?

வில்லியனூர் ஆடிட்டர்:
தனிப்பட்ட தாக்குதலுக்குப் பதில் சொல்ல மாட்டேன். 40 கோடி.

மஞ்சக்குப்பத்தான்:
0.005. பொது நீதிமன்றத் தீர்ப்பு எப்படிக் கவிழ்ந்தது என்று இன்றைக்கு ராத்திரி தனியாக ஒரு பதிவு போடுகிறேன், நீளமாக.

திருப்பாதிரிப்புலியூர் வாசகன்:
எந்த நிறுவனத்தின் லாபம் என்று கேட்டேனே...