திரும்பல் வரிசை பிளாஸ்மிட்டில் நிற்காதபோது: பார்த்தவர்கள் எழுதியது

ஜெல்காரர்
சிலந்திப் பட்டுப் புரதம் போல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் ஜீனை பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் வட்ட டிஎன்ஏ) ஏற்றி, புரதம் எடுக்கப் பயன்படும் ஈ. கோலை ஸ்ட்ரெயினான பிஎல்21(டிஇ3)-இல் வைத்திருந்தால், மினிப்ரெப்பை (கொஞ்சம் கல்ச்சரிலிருந்து பிரித்த பிளாஸ்மிட்) என்சைமால் வெட்டி ஜெல்லில் ஓட்டும்போது சரியான பேண்டுக்குக் கீழே இன்னொன்று, அதாவது குட்டையான துண்டு, தலைகாட்டும். கல்ச்சர் மாற்ற மாற்ற அதுதான் தடிக்கும். பிஎல்21-இல் ரெக்-ஏ என்ற புரதம் உயிரோடு இருக்கிறது. உடைந்த டிஎன்ஏவுக்கு ஒத்த வரிசையைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. திரும்பல்களும் அதற்கு ஒத்த வரிசைதான், நடுவில் உள்ளது கழன்றுவிடும். ஸ்டாக்கை ரெக்-ஏ இல்லாத டிஎச்5ஆல்ஃபா ஸ்ட்ரெயினில் வையுங்கள், புரதம் எடுக்கும்போது மட்டும் பிஎல்21-க்குள் புதிதாக டிரான்ஸ்ஃபார்ம் செய்யுங்கள் (பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் ஏற்றுவது). பிஎல்21-இலேயே ரெக்-ஏ இல்லாத வகையான பிஎல்ஆரும் உண்டு. ஆனால் அது டெட்ராசைக்ளினைத் தாங்கும், பிளாஸ்மிட் உள்ள செல்லைத் தேர்ந்தெடுக்க அந்த மார்க்கர் வேலைக்காகாது.

ஒரிஜின்
டைமரையும் பாருங்கள்: இரண்டு பிளாஸ்மிட் இணைந்து ஒரே வட்டமானது டைமர், ஒற்றையாக இருப்பது மோனோமர். ஒரே இடத்தில் வெட்டும் என்சைம் போட்டால் மோனோமரும் டைமரும் ஒரே அளவில்தான் விழும், ஒன்றும் தெரியாது. வெட்டாத டிஎன்ஏவை ஓட்டினால்தான் பிடிபடும். ஒரு செல்லில் எத்தனை பிளாஸ்மிட் என்று தீர்மானிக்கும் காப்பிக் கட்டுப்பாடு, ஒரிஜின்களைத்தான் (நகலெடுப்பு தொடங்கும் இடங்கள்) எண்ணுகிறது. டைமரில் இரண்டு ஒரிஜின் இருப்பதால் பிளாஸ்மிட் எண்ணிக்கை பாதியாகும், பிளாஸ்மிட் இல்லாத செல்கள் பிறக்கும். கோல்இ1 என்ற இயற்கைப் பிளாஸ்மிட்டில் செர் என்ற இடத்தில் எக்ஸ்இஆர்-சி, எக்ஸ்இஆர்-டி என்சைம்கள் சேர்ந்து டைமரைப் பிரித்துவிடும். ஆய்வகப் பிளாஸ்மிட்களான பிபிஆர்322, பியூசி இரண்டிலும் செர் கிடையாது.
டைமரை டிஎச்5ஆல்ஃபாவுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்பது தவறு. ரெக்-ஏ இல்லாத செல், வந்ததை வந்தபடியே வைத்திருக்கும். ஒற்றை வெட்டு போட்டு, நன்றாக நீர்த்து லைகேட் செய்து (முனைகளை மீண்டும் ஒட்டி), பிறகு டிரான்ஸ்ஃபார்ம் செய்ய வேண்டும்.

ஹேர்பின்
ஜீன் சிகிச்சைக்கான ஏஏவி வைரஸ் வெக்டரின் ஐடிஆருக்கு (இரு முனைகளிலும் உள்ள தலைகீழ்த் திரும்பல்) ரெக்-ஏவை நீக்கினால் மட்டும் போதாது. 145 பேஸ் நீள ஐடிஆர் மடிந்து நிற்கும். மடிப்பை வெட்டுவது எஸ்பிசி-சிடி என்ற என்சைம். அதற்கு ஷ்யூர் ஸ்ட்ரெயின்: ரெக்-பி, ரெக்-ஜே, எஸ்பிசி-சி ஜீன்கள் மூன்றும் பழுது. அதில் உமு-சி ஜீனை உடைத்திருப்பது டிஎன்5 என்ற தாவும் டிஎன்ஏ துண்டு, கூடவே கேனமைசின் எதிர்ப்பும் வந்துவிடும். கேனமைசின் பிளாஸ்மிட்டைப் போட்டால் தட்டு முழுக்க பிளாஸ்மிட் இல்லாத வெறும் செல்கள். ஐடிஆர் முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ப்ரெப்பையும் ஸ்மா-1 என்சைமால் வெட்டிப் பாருங்கள். சாங்கர் ரீட் (டிஎன்ஏ வரிசையை வாசிப்பது) ஐடிஆருக்குள் பாதியில் நின்றுவிடும், அதை நம்ப முடியாது.

ஜெல்காரர்
அருகருகே உள்ள குட்டித் திரும்பல்கள் ரெக்-ஏ இல்லாமலும் வழுக்கிப் போகும். 30 டிகிரியில் வளருங்கள், சின்ன காலனியையும் எடுங்கள். பியூசி ஒரிஜின் என்றால் அந்தச் சூட்டில் காப்பி எண்ணிக்கை குறையும், 5 மிலிக்குப் பதில் 10 மிலி கல்ச்சர் எடுங்கள்.