கேபின் சுவரில் ஸ்பீக்கர்: கார் கடைச் சரக்கு போதுமா, மரைன்தான் வேண்டுமா?

உப்புக்காற்று (செம்பூர்)

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கிய 25 அடி ஃபைபர் பாய்மரப் படகு மும்பை அப்பல்லோ பந்தருக்கு எதிரே மூரிங்கில் (மிதவையில் கட்டி) கிடக்கிறது. காக்பிட்டை (பின்னால் திறந்த உட்காருமிடத்தை) பார்த்த கேபின் சுவரில், வாசலுக்கு இருபுறமும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் ஒவ்வொன்று. முந்தைய ஓனர் போட்டது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயில் போகும்போது பாட்டுப் போட்டால், பாடுகிறவரை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிய மாதிரி இருக்கிறது. சத்தம் உண்டு, அடிச்சத்தம் (பேஸ்) இல்லை.

போன ஞாயிறு வலதுபக்க ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு ஸ்க்ரூவில் இரண்டு தலையோடு முறிந்தன. பேப்பர் கோன் நனைந்த அப்பளம். விரல் பட்டதும் ஓரம் கிழிந்தது. டெர்மினலில் பச்சைக் களிம்பு.

மாதக் கடைசியில் மழைக்காகப் படகைக் கரையேற்றுகிறோம், செப்டம்பர் வரை சும்மாதான் இருக்கும். அதற்குள் வேலையை முடிக்க ஆசை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டில் கார் ஸ்பீக்கர் ஜோடி நாலாயிரம் சொல்கிறார்கள். மரைன் என்று எழுதியது பதினாலாயிரம். கூடவே 400 வாட் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வைத்தால் அடிச்சத்தம் தானாக வரும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

லாமிங்டன்வாசி

கார் ஸ்பீக்கர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு வார்த்தைக்குப் பத்தாயிரம் கொடுக்கப் போகிறீர்களா? கார் கதவுக்குள்ளும் மழைத்தண்ணி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஜூலையில் ஹிந்துமாதா வெள்ளத்தில் நின்ற கார்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் இன்னும் பாடுகிறது. பேப்பர் கோன் மட்டும் வேண்டாம். பாலிப்ரோப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் போட்டு மாற்றினாலும் உங்களுக்குத்தான் லாபம். ஆம்பும் நல்ல யோசனைதான்.

பழைய மார்க்கோனி

கப்பல் ரேடியோ அறையில் காலம் தள்ளியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். மழைத்தண்ணியும் கடல்தண்ணியும் ஒன்றல்ல. மழைத்தண்ணி காய்ந்து போய்விடும். உப்பு படிந்த இடம் ராத்திரி ஈரத்தை இழுத்து மறுபடி நனையும். மூரிங்கில் கிடக்கும் படகில் அந்த ஸ்பீக்கர் உண்மையில் காய்வதே இல்லை.

துரு முதலில் எங்கே பிடிக்கும் தெரியுமா? ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது. அதன் இருபுறமும் ஒட்டியிருக்கிற இரும்புத் தட்டு பிடிக்கும். அந்த இடுக்கில்தான் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு துருச்செதில் உள்ளே விழுந்தால் போதும், காயில் உரசி கர் கர் என்று ஆரம்பித்துவிடும். கோன் பிளாஸ்டிக்காக இருந்து என்ன பயன்?

ஆனால் 'மரைன்' என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள், இதில் லாமிங்டன்வாசியோடு எனக்குச் சண்டை இல்லை. ஐபி65 (தூசி, தண்ணி தாங்கும் தரம்) அல்லது அதற்கு மேல் எழுதியிருக்கிறதா, ஏஎஸ்டிஎம் பி117 உப்புப்புகைச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று போட்டிருக்கிறதா, கிரில் வெயிலுக்கு வெடிக்காத பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால் அது வெள்ளை பெயின்ட் அடித்த கார் ஸ்பீக்கர்.

வயரையும் மாற்றுங்கள். செம்பு என்று விற்பதில் பாதி, செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்புதான் வேண்டும்.

மாதுங்கா மாமி

நான் மூன்றாவது கட்சி. காக்பிட்டில் ஸ்பீக்கரே வேண்டாம்.

போன டிசம்பரில் பந்தயம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஜிப் என்கிற முன்பாயில். எதிரே ஒரு படகு போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கமிருந்து), பாட்டு அலறுகிறது. எங்களுக்குக் காற்று வலப்பக்கம், ஸ்டார்போர்ட் டாக்; வழிவிட வேண்டியது அவர்கள். 'ஸ்டார்போர்ட்!' என்று மூன்று தடவை கத்தினோம். சுக்கான் பிடித்திருந்த பையன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நாலாவது தடவைதான் நிமிர்ந்தான். நாங்கள் டில்லரை (சுக்கான் பிடியை) முழுக்கத் தள்ளித் தப்பித்தோம். அவர்கள் பூம் (பாயின் அடிக்கட்டை) என் தலைக்கு மேலே போனபோது அதில் சுற்றியிருந்த டேப்பின் நிறம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நீலம்.

1972 கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவதைப் படியுங்கள். கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனிக்க வேண்டும். காதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் எலிபண்டா லாஞ்சு, மாண்ட்வா படகு, கடற்படை, மீன்பிடிப் படகு எல்லாம் ஒரே தண்ணியில் ஓடுகிறது. ஐந்து குட்டி ஹாரன் அடித்தால் 'நீ என்ன செய்யப் போகிறாய் என்று புரியவில்லை' என்று அர்த்தம். 400 வாட்டுக்கு நடுவில் அது கேட்குமா தம்பி?

லாமிங்டன்வாசி

மாமி, சசூன் டாக்கிலிருந்து கிளம்புகிற டிராலர் ஒவ்வொன்றும் பாட்டோடுதான் போகிறது. அவர்கள் யார் மேலும் மோதவில்லையே?

மாதுங்கா மாமி

அவர்கள் அந்தத் தண்ணியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நம் தம்பி செம்பூரில் லேப்டாப் முன்னால் வளர்ந்தவர். ஒப்பிடாதீர்கள்.

டில்லர்பிடி

மாமி சொன்னது சரியோ தப்போ, 400 வாட் தேவையில்லை என்று கணக்கே சொல்கிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் ஏற்றிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இறங்கும். அதாவது ஸ்பீக்கரை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால், நாலு மடங்கு ஆம்ப் வாங்கிய பலன் காசில்லாமல் கிடைக்கும். கேபின் சுவர் டில்லர் பிடிப்பவரிடமிருந்து தள்ளியே கிடக்கிறது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று ஏற்றினால், சுவரில் சாய்ந்திருப்பவர் காது போச்சு.

அதைவிட முக்கியம்: சத்தம் இருக்கிறது, அடிச்சத்தம் இல்லை என்கிறீர்கள். இது வாட் குறைந்த நோய் மாதிரி தெரியவில்லை. இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, ஸ்பீக்கர் வயரைச் செட்டிலிருந்து கழற்றி, அந்த முனையில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொடுங்கள். இரண்டு கோனும் ஒரே பக்கம் அசைய வேண்டும். இரண்டு, பாட்டு ஓடும்போது கேபின் வாசல் பலகையைப் போட்டு மூடிக் கேளுங்கள். கோனின் முதுகிலிருந்து வரும் சத்தம் முன்பக்கச் சத்தத்துக்கு நேரெதிர். வாசல் திறந்திருந்தால் அது வெளியே வந்து அடிச்சத்தத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று. உங்கள் காம்பஸ் எங்கே இருக்கிறது?

உப்புக்காற்று (செம்பூர்)

காம்பஸ் அதே சுவரில்தான், இடது ஸ்பீக்கருக்கு மேலே. ஏன்?

பழைய மார்க்கோனி

ஐயோ.

உப்புக்காற்று (செம்பூர்)

ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கிழிந்த ஸ்பீக்கரையே திரும்ப மாட்டினேன். பேட்டரியை இடது வயரில் தொட்டேன், கோன் வெளியே வந்தது. வலதில் தொட்டேன், உள்ளே போனது. எந்தக் காலத்திலோ யாரோ சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக ஒன்று தள்ள, மற்றது இழுக்க. மாற்றிப் போட்டேன். அப்புறம் வாசல் பலகை இரண்டையும் போட்டு மூடினேன். கிழிந்த கோனிலேயே மிருதங்கத்தின் தொப்பி கேட்டது! கூட வந்த நண்பர், 'இந்தப் பாட்டில் மிருதங்கமே இருக்கிறதா?' என்றார்.

காம்பஸ் கதை தனி. லாமிங்டன் ரோட்டில் பார்ப்பதற்காக வாங்கிவந்த கார் ஸ்பீக்கரை (ஆமாம், வாங்கிவிட்டேன், திருப்பித் தரலாம் என்றார்கள்) கையில் வைத்து மெதுவாகக் காம்பஸ் பக்கம் கொண்டுபோனேன். இரண்டு சாண் தள்ளி அட்டை அசையவில்லை. ஒரு சாணுக்கு வந்ததும் 15 டிகிரி திரும்பிப் பார்த்தது. போன மாதம் மாண்ட்வா போகும்போது காம்பஸ் ஒன்று சொல்ல, ஜிபிஎஸ் ஒன்று சொல்ல, ஜிபிஎஸ்ஸைத்தான் திட்டிக்கொண்டு போனோம்.

பழைய மார்க்கோனி

காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் குறையும். இரண்டு மடங்கு தள்ளினால் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் இரண்டு சாணில் ஒன்றுமில்லை, ஒரு சாணில் ஆட்டம். ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், தொல்லையே இல்லை. எடுத்து வைத்த பிறகு காம்பஸை மறுபடி சரிபார்க்க மறக்காதீர்கள். பழைய ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே யாராவது அதைச் சரிக்கட்டியிருந்தால், இப்போது எதிர்ப்பக்கம் தப்பாகக் காட்டும்.

மலிவு கிளாஸ்-டி ஆம்ப் (வேகமாக ஸ்விட்ச் ஆகி ஓடுகிற வகை) வாங்கினால் விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16-ஐ வைத்து ஆம்பை ஆன், ஆஃப் செய்து கேளுங்கள். இரைச்சல் கூடினால் அதைத் திருப்பிக் கொடுங்கள். ஆபத்துக் குரல் வருகிற சேனல் அது.

மாதுங்கா மாமி

இதற்குத்தான் சொல்கிறேன். சுவரில் இரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டு, வேண்டும்போது ஒரு புளூடூத் டப்பா எடுத்துப் போங்கள். வேண்டாதபோது வீட்டில்.

டில்லர்பிடி

மாமி, அந்த டப்பாவிலும் காந்தம் இருக்கிறது. அதை எல்லோரும் எங்கே வைப்பார்கள்? விழாமல் நிற்கும் இடத்தில். விழாமல் நிற்கும் இடம் காம்பஸ் பக்கத்தில்தான். சுவரில் பொருத்தியதாவது ஓடிப்போகாது, ஒரு தடவை கணக்குப் பார்த்தால் முடிந்தது.

மாதுங்கா மாமி

சரி, இது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் படகிலும் ஒருவர் அங்கேதான் வைக்கிறார்.

லாமிங்டன்வாசி

ஆகமொத்தம் நோய் வயரில் இருந்தது, மருந்துக்குப் பதினாலாயிரம் கேட்கிறார்கள். இப்போதும் சொல்கிறேன், கார் ஸ்பீக்கர் போதும்.

உப்புக்காற்று (செம்பூர்)

கார் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடி மூன்று வருடத்துக்கு ஒன்று மாற்றலாம். ஆனால் முறிந்த ஸ்க்ரூவை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பட முடியாது. மரைன் ஜோடி எடுக்கிறேன். ஆம்ப் கிடையாது, இருக்கிற செட்டே போதும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் நேவிகேஷன் விளக்குக்கும் மிச்சம் வேண்டும்.

இடமும் மாற்றுகிறேன்: பின்பக்கம், டில்லருக்கு இருபுறமும் கோமிங்கில் (காக்பிட்டின் ஓரச் சுவரில்). முழங்காலுக்கு மேலே, காம்பஸிலிருந்து ஒரு மீட்டருக்கு அதிகம். பின்னால் லாக்கர், மூடி இறுக்கமாக மூடும்.

டில்லர்பிடி

ஓட்டை போடும் முன் அங்கே ஃபைபருக்கு நடுவில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டிய விளிம்பை ஓர் அரை இன்ச் சுரண்டி எபாக்சி நிரப்பி, காய்ந்த பிறகு மறுபடி வெட்டுங்கள். சும்மா விட்டால் இரண்டு மழையில் உள்ளே சோளப்பொரி மாதிரி ஊறிவிடும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, கீழே ரப்பர் கேஸ்கெட். ஒட்டுகிற பசை வேண்டாம், கழற்றவே முடியாது.

உப்புக்காற்று (செம்பூர்)

குறித்துக்கொண்டேன். மாமி, உங்களுக்காக ஒரு ஸ்விட்ச். டில்லர் பிடிப்பவர் பார்க்காமலே கை நீட்டித் தட்டலாம், பாட்டு நின்றுவிடும்.

மாதுங்கா மாமி

ஸ்விட்ச் நல்லது. ஆனால் நம் கிளப் பந்தய நாளில் ஃப்யூஸையே கழற்றி என் பையில் போட்டுவிட வேண்டும்.

லாமிங்டன்வாசி

அந்த இடதுபக்கப் பழைய ஸ்பீக்கரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எனக்கு வேண்டும்.