கார்பன் ஃபிரேம் மாற்றினால் கை மரப்பது போகுமா?

பாசிர்ரிஸ்_ஞாயிறு:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது வருஷமாக ஒரே அலுமினிய ரோடு பைக்தான் ஓட்டுகிறேன். வயது 44, எடை 72 கிலோ. ஞாயிறு விடிகாலை சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸில் கிளம்பி லோயாங், சாங்கி வில்லேஜ், நிக்கல் டிரைவ், தானா மேரா கோஸ்ட் ரோடு வழியாக ஈஸ்ட் கோஸ்ட் போய்த் திரும்புவேன், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வீட்டுக்கு வந்து கோப்பி கப்பைப் பிடித்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருக்கின்றன. சரி, கார்பனுக்கு மாறலாம் என்று போன மாதம் தெரிந்தவர்களிடம் மூன்று வண்டி வாங்கி அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஜயண்ட் டிசிஆர் மிதித்த மாத்திரத்தில் பாய்கிறது, ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் எண்ணலாம். ஸ்பெஷலைஸ்டு ருபே நேர்மாறு, சோபாவில் உட்கார்ந்த மாதிரி. எங்கள் குழு அண்ணன் ஒருவரின் கொல்நாகோ சி64 இரண்டுக்கும் நடுவில், எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை, அமைதியாக இருந்தது. கடையில் கேட்டால் "டி1000 கார்பன் எடுங்கள், மெத்தென்று இருக்கும், டி700 கட்டை மாதிரி" என்கிறார்கள். உண்மையா? கையில் நாலாயிரம் வெள்ளி இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

காத்து_கம்மி:
அண்ணே, மூன்று வண்டியிலும் என்ன டயர், எவ்வளவு காற்று? அதைச் சொல்லாமல் ஃபிரேமைப் பற்றிப் பேசுவது குழம்பை ருசி பார்க்காமல் சட்டியைப் பாராட்டுகிற மாதிரி.

கடைக்காரர் சொன்னது தலைகீழ். டி700, டி1000 எல்லாம் டோரே கம்பெனி தன் கார்பன் இழைகளுக்கு வைத்த பெயர். டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800க்கும் டி1000க்கும் 294. அதாவது நம்பர் கூடினால் இழை விறைப்பாகிறதே தவிர மெத்தாவதில்லை. டி1000க்கு அறுந்து போகாத பலம் அதிகம், அதனால் குறைவாகப் போட்டு எடையைக் குறைக்கலாம். வண்டி எப்படி ஓடும் என்பதை முடிவு செய்வது அந்த இழைத் துணியை எந்தக் கோணத்தில், எந்த இடத்தில், எத்தனை அடுக்கு போட்டார்கள் என்பதும் குழாயின் வடிவமும்தான். ஒரே இழையில் கட்டையும் செய்யலாம், மெத்தையும் செய்யலாம்.

அப்புறம், ஃபிரேமின் பின்பக்கம் முக்கோணம். முக்கோணம் மேலிருந்து கீழாக வளைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். டயர், ரிம், ஃபிரேம், சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்குகிற தண்டு), சீட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது இளகலோ அதுதான் அதிகம் அமுங்கும், இங்கே அது டயர். அதற்கடுத்தது சீட்போஸ்ட், 27.2 மில்லிமீட்டர் போஸ்ட் நிறைய வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவே வளையும்.

ருபேயை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஹேண்டிலுக்குக் கீழே ஃபியூச்சர் ஷாக் என்று 20 மில்லிமீட்டர் அமுங்குகிற ஸ்பிரிங் இருக்கிறது. நீங்கள் பாராட்டியது கார்பனை அல்ல, ஸ்பிரிங்கை.

பாசிர்ரிஸ்_ஞாயிறு:
கேட்டுப் பார்த்தேன். டிசிஆர் 25 மில்லிமீட்டர் அகல டயர், காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ. ருபே 32 டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்), 60க்குக் கீழே. கொல்நாகோ 28, எழுபத்தைந்தோ என்னவோ. என் வண்டியும் 25தான், நானும் 110தான் அடிக்கிறேன், டயர் ஓரத்தில் அதிகபட்சம் என்று போட்டிருந்ததே!

காத்து_கம்மி:
அது அதற்கு மேல் போகாதே என்பதற்கு, அங்கே போ என்பதற்கு இல்லை 😂 உங்கள் எடைக்கு 25 டயரில் முன்னால் 85, பின்னால் 90 போட்டு ஒரு ஞாயிறு ஓட்டுங்கள்.

மரவண்டிக்காரன்:
எல்லாமே டயர் என்று தம்பி அடித்துச் சொல்வதை நான் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன், மீதிக் கால்வாசிக்குச் சண்டை போடுவேன். என்னிடம் இரண்டு ஃபிரேம் இருக்கின்றன, இரண்டும் ரிம் பிரேக் (சக்கர வளையத்தைப் பிடிக்கிற வகை). ஒன்று லக் வைத்து ஒட்டிய கொல்நாகோ, 1994இல் வந்த சி40 வழிவந்தது, குழாய்களைத் தனித்தனியாகச் செய்து லக் என்கிற மூட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்று அச்சில் வார்த்த ஏரோ ஃபிரேம் (காற்றைக் கிழிக்கிற வடிவம்). ஒரே வீல்செட், ஒரே டயர், ஒரே காற்று, ஒரே சீட். புளோக் கீழே உட்கார்ந்து சக்கரத்தை மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று வாரம் நியோ தியூ ரோட்டில் ஓட்டினேன், அங்கே தார் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

சீட்டில் உட்காருகிற பின்புறத்துக்கு இரண்டும் ஒன்றுதான், சத்தியமாக. வித்தியாசம் வேறு இரண்டு இடத்தில் தெரிந்தது. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஏரோ ஃபிரேமின் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காருகிற இடம்) அசையவே இல்லை, கொல்நாகோ ஒரு நூல் பக்கவாட்டில் விட்டுக்கொடுத்து வாங்குகிறது. இறங்கும்போது வளைவில் கொல்நாகோ போட்ட கோட்டில் போகிறது, மற்றதை நான் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது (இதில் பாதி முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் கோணமாக இருக்கலாம்). இரண்டாவது, சத்தம். ஏரோ ஃபிரேமின் பெரிய குழாய் கல்லில் ஏறினால் காலி பிஸ்கட் டின் மாதிரி "டங்" என்கிறது. கொல்நாகோ மரப்பலகையைத் தட்டின மாதிரி "தொப்". அந்த "தொப்"பைத்தான் சொகுசு என்று காது மூளைக்குச் சொல்கிறதோ என்று எனக்கே சந்தேகம். ஒருநாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசம் பாதியாகிவிட்டது. காலியான ரோட்டில்தான் செய்தேன், யாரும் செய்யாதீர்கள்.

உட்லண்ட்ஸ்_மெக்கானிக்:
விரல் மரப்பு என்றால் ஃபிரேம் மெட்டீரியலைவிட அளவைப் பாருங்கள் அண்ணே. சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் போகிற நரம்பு அமுங்குகிறது. ருபேயில் ஹேண்டில் உயரம், பாரம் கையிலிருந்து இடுப்புக்குப் போய்விடும். உங்கள் பழைய வண்டியில் ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையம் போட்டு ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பாருங்கள், பத்து வெள்ளி கூட ஆகாது.

செகண்ட் ஹேண்ட் கார்பன் வாங்கினால் சீட்போஸ்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் வியர்வையில் அலுமினிய போஸ்ட் கார்பனுக்குள் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் ஒரு தடவை பார்க்காமல் வாங்கி இரண்டு நாள் ரம்பத்தோடு உட்கார்ந்தேன்.

பாசிர்ரிஸ்_ஞாயிறு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். என் வண்டியில் காற்றை 85/90 ஆக்கினேன், ஸ்டெம்மைத் தூக்கினேன். டிசிஆர் நண்பரையும் காலைப் பிடித்துக் கெஞ்சி அதே காற்றுக்கு இறக்கவைத்து மறுபடி ஓட்டினேன். கல் எண்ணுவது நின்றுவிட்டது. பாய்ச்சல் அப்படியே இருக்கிறது, அதுதான் ஃபிரேம் போல. என் விரல் முக்கால்வாசி சரி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல்தான் எறும்பு ஊர்கிறது.

உற்சாகத்தில் 28 டயர் ஒரு ஜோடி வாங்கி வந்து மாட்டினால், பின்னால் பிரேக் அடியில் உரசுகிறது. எண்பது வெள்ளி போச்சு.

காத்து_கம்மி:
இப்போது கார்பன் வாங்க உங்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது, வீட்டில் சொல்லலாம். 2020இல் வந்த டிஸ்க் பிரேக் டிசிஆரிலேயே 32 நுழையும். எந்த ஃபிரேம் பார்த்தாலும் டி எத்தனை என்று கேட்காதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் டயர் போகும் என்று கேளுங்கள்.

மரவண்டிக்காரன்:
அந்த 28 டயரை வீசிவிடாதீர்கள், என் கொல்நாகோவுக்கு ஆகும். அறுபது வெள்ளி, சாங்கி வில்லேஜில் நாசி லெமாக் என் கணக்கு.